நிறுத்த மறந்த பதிவு

உன் பழைய கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றியதும் கொசுவர்த்தி வாசனை வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில், தரையிலேயே, சுருளைக் கொளுத்தி வைப்பாய். உள்ளே ஓடிய காற்றாடி அந்தப் புகையை இழுத்து இழுத்துத் தூசியோடு சேர்த்து அப்பி வைத்திருக்கிறது. நீ போய் இத்தனை காலத்துக்குப் பிறகு, பட்டாபிராமில் என் வாடகை வீட்டு மேசையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வாசனை வெளியே வந்தது. நான் ஜன்னலைத் திறந்துவிட்டேன். வாசனை உடனே போகவில்லை.

பெட்டியைக் கொண்டுவந்தது உன் மனைவி. பழைய போர்வையில் சுற்றி, வெள்ளானூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஆட்டோக்காரன் இதையும் ஒரு ஆளாகக் கணக்குப் பண்ணிக் காசு கேட்டானாம். அதைச் சொல்லி அவரே சிரித்தார். பிறகு சேலை முனையால் பெட்டியைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"அண்ணா, இதுல அவரு டி.வி.ல பேசனது கீது. எனக்கு அவரு கொரல் வேணும்."

"பாப்பா கல்யாண வீடியோ இருக்குமேம்மா?"

"அதுல எங்க அவரு பேசறாரு? அதுக்குள்ள ஆபரேசன் ஆயிடுச்சே. எங்க கல்யாண கேசட்டும் போட்டுப் பாத்துட்டேன். மொத்தமும் மேளமும் சினிமாப் பாட்டும்தான். வாய் மட்டும் அசையுது."

போர்வையை மடித்தபடி சொன்னார்: "கண்ண மூடிக்கினு நெனச்சிப் பாக்கறேண்ணா. மூஞ்சி வருது. கொரல் வரமாட்டேங்குது."

உன்னைப் பற்றி நான் என்ன நினைத்தாலும், உன் குரலை மறக்க முடியும் என்று நினைத்ததில்லை. வெள்ளானூர் ஏரிக்கரையில் நின்று கத்தினால் எதிர்க்கரையில் மாடு திரும்பிப் பார்க்கும். அந்தக் குரலை வைத்துத்தான் நீ பிழைத்தாய். உங்கள் நிலம் மனையான பிறகு, மற்றவர்கள் நிலத்தையும் மனையாக்கி விற்றாய். வேலைக்குச் சேர்ந்த கையோடு வீடு தேடி வரும் வெளியூர்ப் பையன்களை வெயிலில் நிறுத்தி, முள்செடிக்கு நடுவே, "இங்க கிச்சன், இங்க பூஜ ரூமு, இந்தாண்ட கார் வுடறது" என்று நீ சொன்னால் அவர்களுக்கு அங்கே வீடு தெரிந்துவிடும். அப்படிப்பட்ட தொண்டையில்தான் கட்டி வந்தது. அறுத்து எடுத்த பிறகு கழுத்தில் ஓர் ஓட்டையும், கூப்பிட வேண்டுமானால் கை தட்டுவதும்தான் உனக்கு மிச்சம். கேமரா வைத்த போன் உங்கள் வீட்டுக்குள் வந்ததே அதற்குப் பிறகுதான்.

ஆகவே, உன் குரல் இருக்கிற ஒரே இடம் அந்த டி.வி. நிகழ்ச்சி. என்னிடமே அதைக் கொண்டுவந்திருக்கிறாரே என்று எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அது என்ன நிகழ்ச்சி, அதில் நீ என்ன பேசினாய் என்பதை நான் ஒரு நாளும் மறந்ததில்லை.

எனக்கு மறதி குறைவு. அது உனக்குத் தெரியும். விரிவுரையாளர் வேலைக்கான நேர்காணலில் என்னைக் கழித்துக்கட்டியவர் அன்று போட்டிருந்த சட்டையின் கோடு இன்றும் எனக்கு நினைவிருக்கிறது. "கௌரவ விரிவுரையாளர்" என்ற பெயரில் அற்பச் சம்பளத்துக்கு என்னிடம் வேலை வாங்கிய கல்லூரியின் வாசலை இப்போதும் பேருந்தில் கடக்கும்போது தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்கிறேன். நீ சொல்வாய்: "மாமே, நீ மனசுல வெச்சிகினு கீற ஆளுங்கள எறக்கி வுட்டா, ஆவடி பஸ் ஸ்டாண்டு பத்தாது." அந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் நீயும் வந்து நிற்பாய் என்று அப்போது உனக்குத் தெரியாது.

ஞாயிறு காலையில் வரும் விவாத நிகழ்ச்சி அது. அரங்கில் இரண்டு பக்கமும் ஆட்கள், நடுவில் கோட்டுப் போட்ட ஒருவர். வாழ்க்கைக்குப் படிப்பு முக்கியமா, சாமர்த்தியம் முக்கியமா என்று பேச்சு. சாமர்த்தியத்தின் பக்கம் பேச உன்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உன்னிடம் மனை வாங்கிய ஒருவருக்கு அந்த டி.வி.யில் வேலை, அவர்தான் உன் பெயரைக் கொடுத்தார். நீ நேராக என் வீட்டுக்கு வந்தாய்.

"மாமே, கேமரா முன்னாடி நான் ஏரிக்கர பாசை பேச முடியாது. நீ நாலு வரி எழுதிக் குடு. கேக்கறவன் அசரணும்."

இரண்டு எம்.ஏ. படித்துவிட்டு, படிப்பு எதற்கும் உதவாது என்று உனக்காக நான் எழுதிக் கொடுத்தேன். அதில் வேடிக்கை இருப்பதாக எனக்கு அப்போது தோன்றவில்லை. நல்ல வாக்கியங்கள் வந்தன. அதில்தான் சந்தோஷம். "கற்றவனுக்கு வழி தெரியும். நடப்பவனுக்குத்தான் ஊர் வந்து சேரும்" என்று ஆரம்பித்தேன். நீ ஒரு வாரம் மனப்பாடம் செய்தாய். மனை காட்டப் போகும்போதும் பைக்கில் முணுமுணுத்துக்கொண்டே போனாய். ஆள் வந்தால் அந்த நாலு வரியையும் நிறுத்திக்கொண்டு விலை பேசுவாய்; அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாய்.

ஒளிபரப்பான அன்று உன் வீட்டுக் கூடத்தில் உட்கார இடமில்லை. டி.வி. வயரைக் கம்ப்யூட்டரில் சொருகிப் பதிவு செய்யும் அட்டை ஒன்றை அதற்கென்றே வாங்கி மாட்டியிருந்தாய். பழைய வீடியோ கேசட் காலத்துப் பழக்கம் உன்னை விடவில்லை. விளம்பரம் வந்தால் நிறுத்துவது, முடிந்தால் மறுபடி ஆரம்பிப்பது. இதில் கேசட் தீர்ந்துபோகாது என்று நான் சொன்னேன். "போவட்டும் மாமே, எதுக்கு தண்டமா சோப்பு வெளம்பரத்த புடிக்கணும்" என்று முழங்காலில் பலகை வைத்து, அதன்மேல் மவுஸை வைத்து, விரலைத் தூக்கியபடியே இருந்தாய்.

பிறகு நீ திரையில் வந்தாய். கூடத்தில் விசில் அடித்தார்கள். எழுந்து நின்று, என் முதல் வாக்கியத்தைக் கணீரென்று சொன்னாய். இரண்டாவது வாக்கியத்தில் பாதியில் நின்றுவிட்டாய். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு சொன்னாய்:

"நைஸா எழுதிகினு வந்தேன் சார், மறந்துட்டேன். அத்த வுடுங்க. என் தோஸ்து ஒருத்தன் கீறான் சார். டபுள் எம்.ஏ. எங்க ஏரியாலயே அவ்ளோ படிச்சவன் கெடையாது. நான் பிளாட்டு விக்கறேன்ல, அந்த நோட்டீஸ்ல தப்பு பாத்துக் குடுக்கறது அவன்தான். தப்பு பாக்கறது அவன், விக்கறது நானு, வாங்கறது வேற எவனோ. அவன் இன்னும் வாடக ஊட்லதான் சார் கீறான்."

அரங்கம் சிரித்தது. கோட்டுப் போட்டவர், "அவர் இதைப் பார்த்துக்கிட்டு இருப்பாரே?" என்று கேட்டார்.

"பாப்பான் சார். பாத்துட்டு, நான் பேசனதுல எங்க தப்புன்னு சொல்லுவான்."

அதன் பிறகு நீ சிரித்த சிரிப்பும் எனக்கு நினைவிருக்கிறது. கூடத்தில் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்ததும் நினைவிருக்கிறது. நீயும் திரும்பினாய். "வெளையாட்டுக்கு மாமே" என்றாய். கையில் இருந்த காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கழுவும் இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் டீக்கடையில், "இன்னா டபுள் எம்.ஏ., ஊடு பாத்துட்டியா?" என்று ஒருவன் கேட்டான். அது ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. நான் அதன் பிறகு உன் நோட்டீஸ் எதையும் தொடவில்லை. பொங்கலுக்கு வருவேன், நின்றபடியே பேசிவிட்டுப் போவேன்.

நீ அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பிறகு திறக்க முடியாமல் போயிற்று. ஒருமுறை பட்டாபிராம் ரயில்வே கேட் அருகே, எதிர்ப்பக்கம் நின்று கை தட்டினாய். டீ குடித்தோம். நான் பேசவில்லை, உன்னால் பேச முடியவில்லை. கணக்கு சமம் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

இப்போது அந்தப் பெட்டியிலிருந்த ஹார்ட் டிஸ்க்கை என் லேப்டாப்போடு இணைத்துப் பார்த்தேன். மூன்று கோப்புகள் இருந்தன. முதல் இரண்டும் சின்னவை. விளம்பரம் வந்ததும் நீ ஒழுங்காக நிறுத்தியிருக்கிறாய். அவற்றில் யார் யாரோ பேசுகிறார்கள், நீ பின்வரிசையில் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாய். மூன்றாவது பிரம்மாண்டமாக இருந்தது. உன்னையே திரையில் பார்த்த பிறகு நீ நிறுத்தவே மறந்திருக்கிறாய். சோப்பு, பற்பசை, நகைக்கடை, அதற்கடுத்த சமையல் நிகழ்ச்சி, செய்தி, மத்தியானப் படத்தில் பாதி வரைக்கும் எல்லாவற்றையும் அது பிடித்து வைத்திருக்கிறது.

அந்தப் பதிவு அட்டைக்கே உரிய ஏதோ ஒரு வடிவம். என் லேப்டாப்பில் படம் மட்டும் சத்தமில்லாமல் திணறித் திணறி ஓடியது; எந்தப் போனிலும் திறக்காது. கோப்பின் பெயருக்குப் பின்னால் உள்ள வாலை மாற்றினால் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மண்ணூர்பேட்டையில் வேலை பார்க்கும் உன் மகள் அதையும் செய்து பார்த்திருக்கிறாள். ஆளுக்குச் சட்டையை மாற்றினால் ஆள் மாறுவானா. நான் பழைய வாலை மறுபடி ஒட்டி, இணையத்தில் கோப்பு மாற்றித் தரும் தளம் ஒன்றைத் திறந்தேன். இலவசம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. எவ்வளவு பெரிய கோப்பு வரை இலவசம் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருந்தது. உன்னுடையது அதற்குள் அடங்கவில்லை. வெட்டித்தான் ஏற்ற வேண்டும்.

வெட்டுவது என்றதும் என் மனதில் முதலில் என்ன வந்தது என்பதை நீ ஊகித்திருப்பாய். நீ பேசுவது இரண்டு இடம். தொடக்கத்தில் என் வாக்கியங்கள், பிறகு நான். அந்த இரண்டாவதை எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. டி.வி.க்காரர்கள் எப்போதோ அழித்திருப்பார்கள். உலகத்தில் இருக்கிற ஒரே பிரதி என் மேசையில் இருந்தது. உன் மனைவி கேட்டது குரலைத்தானே. முதல் வாக்கியத்திலேயே குரல் இருக்கிறதே.

இருந்தாலும் முதலில் முழுவதையும் மாற்றிப் பார்ப்போம் என்று, விளம்பரத்தையும் சமையலையும் மட்டும் வெட்டிவிட்டு, நீ பேசுகிற பகுதியை ஏற்றினேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. திருப்பதியைத் தாண்டி எங்கும் போகாத நீ, எந்த நாட்டு இயந்திரத்துக்கோ போய், வேறு ஆடை உடுத்திக்கொண்டு திரும்பி வந்தாய். திறந்தேன். படம் வந்தது. அப்போதும் சத்தம் வரவில்லை.

ஒலியை முழுதாகக் கூட்டினேன். பேச்சில்லை. இளநீல அரைக்கைச் சட்டையில் நீ எழுந்து நிற்கிறாய், வாய் அசைகிறது. கடைசி வருடங்களில் நீ இருந்தது போலவே. ஆனால் எனக்கு எல்லாம் கேட்டது. இந்த இடத்தில் "தோஸ்து" என்கிறாய், இந்த இடத்தில் "வாடக ஊடு" என்கிறாய் என்று உன் உதட்டோடு சேர்ந்து என் உதடும் அசைந்தது. கோபத்தில் இப்படி ஒரு வசதி இருக்கிறது. அது எதையும் தொலைப்பதில்லை.

அந்த வடிவத்தின் ஒலியை அந்தத் தளத்தால் பிரித்தெடுக்க முடியவில்லை போல. வேறு ஒன்றில் ஏற்றினேன். அது ஒலியைக் கொடுத்தது, ஆனால் நீ வாயை மூடிய பிறகு பேச்சு வந்தது. இன்னொன்றில் போட்ட பிறகுதான் இரண்டும் சேர்ந்து வந்தன.

கேட்டேன். முதல் பகுதியில் பேசுவது நீயில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் மைக் முன்னால் நிறுத்தப்பட்ட பையன் பேசுகிறான். ஒவ்வொரு சொல்லையும் கண்ணாடிப் பாத்திரம் போலத் தூக்கி வைக்கிறான். "அத்த வுடுங்க" என்று கையை உதறுகிற இடத்தில்தான் நீ வருகிறாய். அந்தக் கரகரப்பும், வார்த்தையின் கடைசியை விழுங்குவதும், சிரிப்பு வருவதற்கு முன்னால் மூக்கில் வரும் அந்தச் சின்னச் சத்தமும் அங்கேதான் தொடங்குகின்றன. என்னைக் கேலி செய்கிற இடம் முழுவதும் நீ இருக்கிறாய். அதற்கு முன்னால் நான்தான் இருக்கிறேன்.

அதை வெட்டினால் உன் மனைவிக்குப் போய்ச் சேருவது என் தமிழ் மட்டும்தான். இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பிடிக்கவில்லை. மாலை வரை லேப்டாப்பை மூடி வைத்திருந்தேன். பிறகு வெட்டாமல் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வெள்ளானூர் பேருந்தைப் பிடித்தேன்.

உன் கூடத்தில் இப்போது பெரிய டி.வி. இருக்கிறது. அதிலேயே போட்டேன். உன் மனைவி நாற்காலியில் உட்காராமல், டி.வி.க்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நீ "கற்றவனுக்கு வழி தெரியும்" என்றபோது அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. வேறு யாரோ பேசுவதைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். "அத்த வுடுங்க" என்று நீ சொன்னதும் கையால் வாயை மூடிக்கொண்டார்.

முழுவதும் ஓடி முடிந்தது. அரங்கம் சிரித்தது, நீ சிரித்தாய், அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். சிரிப்புக்கு நடுவில் சட்டென்று நின்று என்னைப் பார்த்தார்.

"அண்ணா, இது உங்களத்தான சொல்றாரு."

"ஆமாம்மா."

"அய்ய, மறந்தே பூட்டேண்ணா. அன்னிக்கிக் காப்பி குட்ச்சிட்டுப் போனவர்தான் நீங்க, அப்பறம் இந்த ஊட்ல உக்காரவே இல்ல. அவரு கேப்பாரு, 'காப்பி சரியில்லியாடி அன்னிக்கி?'ன்னு. தெரியாத மாரி கேப்பாரு."

நான் ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"இத்த வெட்டிட்டுக் குடுங்கண்ணா. பாப்பா வேற குரூப்ல போடணும்னு நிக்கறா. நாலு பேரு பாப்பாங்க. உங்களுக்கு எதுக்கு அசிங்கம்?"

"வெட்டினா மிச்சம் இருக்கறது நான் எழுதினதும்மா. அவன் பேசினது இல்ல."

அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியாது. பிறகு மெதுவாக, கேட்கலாமா கூடாதா என்ற குரலில், "இன்னொரு தபா போடறீங்களா?" என்றார்.

போட்டேன். முடிந்ததும் மறுபடி போட்டேன். என்னிடமிருந்து ரிமோட்டை வாங்கி, எந்த இடத்திலிருந்து வேண்டும் என்பதை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். "டபுள் எம்.ஏ." என்று நீ ஆரம்பிக்கும் இடம். ஒவ்வொரு முறையும் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை. உன் வீட்டு நாற்காலியில், கொடுத்த காப்பியைக் குடித்தபடி, இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன்.

மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் நீ நம்பமாட்டாய், நானும் நம்பமாட்டேன். நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காக என்னை எடுத்துக் கொடுத்தாய். அதில் பொய் எதுவும் இல்லை என்பது இன்னும் வலிக்கிறது. நான் இப்போதும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன்.

உன் மனைவிக்குக் கொடுத்ததை நான் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கென்று ஒரு சின்னத் துண்டை மட்டும் வெட்டி என் போனில் வைத்திருக்கிறேன். அது ஊருக்கு உதவாது. இரண்டாவது வாக்கியத்தில், "நடப்பவனுக்குத்தான்" என்று சொல்லி நிறுத்துகிறாய். அடுத்த சொல் வரவில்லை. கேமராவை விட்டு உன் கண் மேலே போகிறது. விளக்குகளுக்கு நடுவே எதையோ தேடுகிறாய். அன்று கூடத்தில் எனக்குக் கோபம் வந்த வேகத்தில் அதை நான் பார்க்கவே இல்லை. இப்போது பார்க்கிறேன். தோஸ்து, டபுள் எம்.ஏ., வாடகை வீடு எதுவும் இன்னும் உன் வாய்க்கு வரவில்லை. அத்தனை பேருக்கு நடுவில், நான் எழுதிக் கொடுத்த ஒரு சொல்லுக்காக நீ அப்படியே காத்துக்கொண்டு நிற்கிறாய்.